பலூன் துப்பாக்கி

திருவிழாவில் பலூன் சுடாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் உங்கள் சின்ன வயசில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தட்டியில் வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பலூன்கள். முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் இரண்டு துப்பாக்கி. கடைக்காரர் குழலை 'மடக்'கென்று மடித்து, ஈய ரவை ஒன்றைச் செருகி, நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். அந்த நிமிஷத்தில் எந்த நோஞ்சானுக்கும் நெஞ்சு நாலு அங்குலம் விரியும்.

எனக்கு ஆறு அங்குலம் விரியும். காரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாவுக்கு வரும் பலூன் கடைத் துப்பாக்கிகளில் பாதி, என் சித்தப்பா கை பட்டவை.

"இது எங்க சித்தப்பா ரிப்பேர் பண்ணுனது" என்று கூட வந்த பையன்களிடம் சொல்வேன். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே, "ஆமாப்பா, ஃபிட்டர் வீட்டுப் பையன்தான்" என்று எனக்கு மட்டும் ஒரு ரவை இலவசமாகப் போட்டுக் கொடுப்பார். பத்து வயசில் இதைவிடப் பெரிய பதவி என்ன வேண்டும்!

சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஷிஃப்ட்டுக்குத் தகுந்தாற்போல பஸ்ஸில் போவார், வருவார். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். சித்தி, "இவரைப் பிழிஞ்சா ஒரு தலையணைக்கு ஆகும்" என்பாள்.

1984-ல் ஒருநாள் பலூன் கடைக்காரர் ஒருத்தர், சாக்கில் சுற்றி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். ரவை வெளியே போகவில்லை, குழலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மதுரைக்குக் கொண்டுபோனால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். "மில்லுல அவ்வளவு பெரிய மெசினையே கழட்டி மாட்டுறீகளாமே, இதப் பாக்க முடியாதா அண்ணாச்சி?"

சித்தப்பாவுக்கு இது போதும். கழற்று என்று சொன்னால் தேரையே கழற்றிவிடுகிற ஆள். திண்ணையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன்.

"துப்பாக்கின்னதும் பயந்துக்காதடா. இது ஒரு சைக்கிள் பம்பு, அவ்வளவுதான்" என்றார்.

நிஜமாகவே அவ்வளவுதான். குழலை மடிக்கும்போது உள்ளே ஒரு தடிமனான ஸ்பிரிங் அமுங்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையைத் தட்டினால் கொக்கி விலகும். ஸ்பிரிங் ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் ரவையைத் தள்ளுகிறது. வெடி கிடையாது, மருந்து கிடையாது. பிஸ்டனின் மூக்கில் ஒரு தோல் வாஷர். சைக்கிள் பம்பில் இருக்குமே, அதேதான். அது காய்ந்து சுருங்கிவிட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். ரவை பாதி வழியில் நின்றுவிடும்.

சித்தப்பா செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு துண்டு நல்ல தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டார். மறுநாள் மாட்டிச் சுட்டார். கொல்லைச் சுவரில் காரை பெயர்ந்தது. சித்தி கத்தினாள். தொழில் தொடங்கிவிட்டது.

கூலி 15 ரூபாய். ஸ்பிரிங் மாற்றினால் 25. பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் பூக்குழி, விருதுநகர் பங்குனிப் பொங்கல், ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி என்று எங்கள் பக்கம் திருவிழாவுக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னாலும் திண்ணையில் நாலைந்து துப்பாக்கி சாத்தியிருக்கும். மில் சம்பளத்தில் அரிசி, பருப்பு. பலூன் துப்பாக்கியில் பள்ளிக்கூட ஃபீஸ், தீபாவளித் துணி.

இதில் எனக்கு அப்போது புரியாத ஒரு விஷயம் இருந்தது. யார் துப்பாக்கியைக் கொண்டுவந்தாலும் சித்தப்பா உடனே கையில் வாங்க மாட்டார். திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்பார்.

"யாருது? எதுக்கு? சரியான பேப்பர் இருக்கா?"

வருஷா வருஷம் வருகிற பலூன் கடைக்காரரிடமும் இதே கேள்விதான். பலூன் துப்பாக்கிக்கு என்ன பேப்பர்! அவர், "பலூனுக்குத்தான் அண்ணாச்சி, யானை சுடவா போறேன்" என்று சிரிப்பார். சித்தப்பா சிரிக்க மாட்டார்.

ஒருமுறை ஒரு கடைக்காரர், "முன்னால இருக்கிற குறிமுள்ள லேசாத் தட்டி வச்சிருங்க அண்ணாச்சி. பத்துக்கு நாலு தப்புனா எனக்குப் பலூன் மிச்சம்" என்றார். சித்தப்பா துப்பாக்கியைச் சாக்கோடு எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். "சின்னப் பிள்ளைக காசுய்யா அது."

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

1991. எனக்குப் பதினேழு வயசு. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சித்தப்பாவின் சேக்காளி வந்தார். ஒரே மில், ஒரே ஷிஃப்ட். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயில் போகிற பக்கம், மலையடிவாரத்தில் அவருக்கு இரண்டரை ஏக்கர் இருந்தது. வெறும் சேக்காளி மட்டுமில்லை. 1988-ல் சித்திக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தபோது, கேட்காமலேயே மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 3,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தவர். "சித்தி உசிரோட இருக்கிறது அவராலதான்" என்று எங்கள் வீட்டில் எல்லோருமே சொல்வோம்.

அவர் சைக்கிளில் நீளமாக ஏதோ கட்டியிருந்தார். சாக்கை அவிழ்த்தார். பலூன் துப்பாக்கி இல்லை. நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய சாமான். அவர் அப்பா காலத்தது. குதிரை உடைந்து தொங்கியது.

"மாப்ள, பன்னி தாங்கலடா. கடலை பூராம் தோண்டிப் போட்டுருச்சு. நேத்து மட்டும் அரை ஏக்கர். தகரம் தட்டியாச்சு, வெடி போட்டாச்சு, நாயக் கட்டியாச்சு. இந்தக் குதிரைய மட்டும் சரி பண்ணிக் குடு."

சித்தப்பா அதைத் தொடவில்லை. "பேப்பர் இருக்கா?" என்றார்.

"எங்கிட்டயே பேப்பர் கேக்குறியா?"

"இருக்கா?"

"இல்ல."

"அப்ப வேணாம். நாளைக்கு லீவு போடுறேன். ரெண்டு பேரும் விருதுநகர் போயி மனு குடுப்போம். பயிரக் காப்பாத்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவாங்க. வாங்கிட்டு வா. அதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளாப் பாத்து ரிப்பேருக்குக் குடுப்போம். நான் கூட வர்றேன்."

"நான் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேயுறதுக்குள்ள பன்னி வீட்டுக்குள்ள வந்துரும். பத்து நிமிச வேலைடா. உனக்கு மனசு இல்ல."

சித்தப்பா பேசாமல் நின்றார். சேக்காளி சாக்கைச் சுற்றினார். போகும்போது திரும்பி சித்தியைப் பார்த்து, "உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட சித்தப்பா தாங்கியிருப்பார்.

அதோடு சரி. மில்லில் ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள் எதிரெதிர் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் 3,000 ரூபாயும் வேறு ஆள் மூலம் திரும்பிப் போனது. வீட்டில் எல்லோரும் சித்தப்பாவைத்தான் குறை சொன்னோம். நானும்தான். 'நன்றி கெட்ட மனுஷன்' என்று என் டைரியில் எழுதியது இன்னும் ஞாபகமிருக்கிறது.

முப்பது வருஷம் கடந்தது. நான் ஊரை விட்டு வந்தாயிற்று. சித்தப்பா ரிட்டயர் ஆனார். பலூன் கடைக்காரர்களும் குறைந்துபோனார்கள். போன வருஷம், அதாவது 2024 கடைசியில், சித்தப்பா மகன் போன் பண்ணினான். என்னைவிட ஏழு வயசு இளையவன். அவனும் மில்லில்தான் ஃபிட்டர். ஷிஃப்ட் குறைத்துவிட்டார்களாம்.

"அண்ணே, அப்பா தொழிலயே சைடுல எடுத்துச் செய்யலாம்னு இருக்கேன். இப்ப ஏர் ரைஃபிள் வச்சிருக்கிற பசங்க நிறைய இருக்காங்க. ரிப்பேர் மட்டுமில்ல, அவங்கவங்க கைக்குத் தகுந்த மாதிரி கட்டை செதுக்கிக் குடுக்கிறது, டெலஸ்கோப் மாட்டுறது, விசைய லேசாக்குறது… ஒரு சின்ன லேத் வாங்கணும். ஐம்பதாயிரம் இருந்தா ஆரம்பிச்சிருவேன்."

பணம் கொடுக்கிறவனுக்கு உடனே சட்டம் ஞாபகம் வந்துவிடும். நானும் உட்கார்ந்து படித்தேன்.

2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். அரை கிராம் ரவை நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 20 ஜூல். அதைத் தாண்டினால் அது விளையாட்டுச் சாமான் இல்லை.

வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் கதையே வேறு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவில், துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, ரிப்பேர் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று இருக்கிறது. குழலின் நீளத்தைக் குறைப்பதும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதும் 6-ஆம் பிரிவு. 2019-ல் திருத்தம் வந்த பிறகு, லைசென்ஸ் இல்லாமல் இதையெல்லாம் செய்தால் குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். பத்து நிமிஷ வேலைக்கு ஏழு வருஷம்!

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. 13-ஆம் பிரிவு. உண்மையிலேயே பயிரைக் காப்பாற்றுவதற்காக வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டால் லைசென்ஸ் தருவதற்கு அதில் வழி இருக்கிறது. 1991-ல் திண்ணையில் நின்று சித்தப்பா சொன்னது சரிதான். அவர் மறுக்க மட்டும் செய்யவில்லை, வழியும் சொன்னார். எங்களுக்குத்தான் மறுத்தது மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் துப்பாக்கிச் சட்டத்துக்கும் உள்ள வழக்கு பழசு. பாளையக்காரர்களை அடக்கிய கையோடு, 1801 டிசம்பரிலேயே கம்பெனி சர்க்கார் அவர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டுவிட்டது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் நாடு முழுக்க ஆயுதச் சட்டம் வந்தது. குடகுக்காரர்களுக்கு மட்டும் அன்று கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. மற்றவர்களுக்கு மனு, போலீஸ் விசாரணை, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு எல்லாம் உண்டு.

பீகாரில் முங்கேர் என்று ஓர் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் மீர் காசிம் காலத்திலிருந்தே துப்பாக்கி செய்கிற ஊர். லைசென்ஸ் வாங்கிய தொழிற்சாலைகள் அங்கே உண்டு. ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே போலீஸ்காரர்களுக்குக் கள்ளத் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தது. கை வேலை தெரிந்தவன் வீட்டுக்குள் ஒரு பட்டறை போட்டான். அந்த மனிதர்கள் பிறவிக் குற்றவாளிகள் இல்லை. வேலை தெரியும், வேலை இல்லை. அவ்வளவுதான். ஷிஃப்ட் குறைந்துபோன ஒரு ஃபிட்டருக்கு ஐம்பதாயிரம் கொடுக்கப் போகிற அண்ணனுக்கு இந்தக் கதை கொஞ்சம் இடித்தது.

ஆனாலும் கொடுத்தேன். ஒரு நிபந்தனை போட்டேன். லைசென்ஸ் வேண்டாம் என்பது துப்பாக்கியை வைத்திருக்கிறவனுக்கு. அதை வைத்துத் தொழில் செய்கிறவன் என்னென்ன செய்யலாம் என்று கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கு. பதில் வருகிறவரை போர்டு மாட்டாதே, குழல் பக்கம் போகாதே. மரக்கட்டை வேலை மட்டும் பார். தம்பி, "சரிண்ணே" என்றான்.

ஆனால் பேச்சு பரவிவிட்டது. லேத் வந்து இறங்கியதுமே ஆட்களும் வந்தார்கள். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்டது ஒன்றேதான். "பவர் ஏத்தித் தர முடியுமா?" இந்தப் பவர் பைத்தியத்தைப் பற்றித் தம்பி சொல்வான். சில பையன்கள் துப்பாக்கிக்குள் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வருவார்களாம். சுட்டால் 'டப்'பென்று பெரிய சத்தம், குழலில் புகை. அவர்களுக்கு ஒரே சந்தோஷம். எண்ணெய் அழுத்தத்தில் எரிகிறது, ஸ்பிரிங்கும் வாஷரும் சீக்கிரம் போகப் போகிறது என்பதற்கு அடையாளம் அது. ஒலிம்பிக்கில் மெடல் வாங்கித் தருகிற ஏர் ரைஃபிளுக்கு அந்த 20 ஜூலில் பாதிகூட வேண்டாம். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டியில் தூரம் 10 மீட்டர்தான். நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். கடுகில் பாதிகூடத் தேறாது. அதை அடிக்கப் பவர் எதற்கு? மூச்சு அடங்க வேண்டும், கை அடங்க வேண்டும்.

இந்த வருஷம், 2025 சித்திரையில், ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போன் பண்ணினான். குரல் சரியில்லை.

"அண்ணே, ஒருத்தர் வந்தாரு. காரு. ஒரு ஏர் ரைஃபிள வச்சாரு. குழல மாத்தி நிஜத் தோட்டா போட்டுச் சுடுற மாதிரி ஆக்கித் தரணுமாம். இருபத்தஞ்சாயிரம் குடுக்கிறேங்கிறாரு. அஞ்சாயிரத்த அட்வான்ஸுன்னு பெஞ்சுல வச்சிட்டே போய்ட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பாத்துச் சொல்றேன்னேன்."

எனக்குப் பகீர் என்றது. முடியாது என்று சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். "டேய், குறைஞ்சது ஏழு வருசம்டா" என்றேன்.

"தெரியும்ணே. மூணு மாசமா வீட்டு லோனு கட்டல. அதான் உங்களக் கூப்புட்டேன்."

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். அதே திண்ணை. சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து. ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். தம்பி ராத்திரியே அவரிடம் சொல்லியிருக்கிறான். பெஞ்சில் அந்த ரைஃபிளும், ரப்பர் பேண்டு போட்ட ரூபாய் நோட்டும் அப்படியே இருந்தன. எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"1979-ல நான் ஒரு குதிரைய ஒட்டவச்சுக் குடுத்தேன்" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்தோம். நாற்பத்தாறு வருஷமாக யாருக்கும் தெரியாத கதை.

மில்லில் சேர்ந்த புதுசு. யாரோ ஒருத்தர், யாரோ சொல்லி வந்தார். நாட்டுத் துப்பாக்கி. குதிரை உடைந்திருந்தது. சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. வேலை தெரியும் என்கிற பெருமை. பத்து நிமிஷத்தில் சரி பண்ணினார். அஞ்சு ரூபாய். அந்த அஞ்சு ரூபாய்க்கு சித்திக்குப் பூவும் அல்வாவும் வாங்கிப் போனார். அடுத்த மாசம் பேப்பரில் நாலு வரி. மலையடிவாரத்தில் ஒரு கிராமம். வரப்புத் தகராறு. நாட்டுத் துப்பாக்கியால் சுட்டதில் ஒருத்தர் சாவு.

"அந்தத் துப்பாக்கியா சித்தப்பா?" என்றேன்.

"தெரியாது."

"அப்புறம்?"

"தெரியாதுன்னேன்லடா. அதான் விசயமே. அவன் பேரு தெரியாது, ஊரு தெரியாது. கேட்டிருந்தாத்தான தெரியும்? அது இல்லாமலும் இருக்கலாம். நூத்துக்குத் தொண்ணூறு அது இல்லதான். ஆனா மிச்சம் பத்து இருக்குல்ல… அது இன்னும் இருக்கு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீதியில் பால்கோவா டின்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ போனது.

"ஃபேனு ரிப்பேர் பண்ணுனா காத்து வரும். மிசினு ரிப்பேர் பண்ணுனா நூலு வரும். இதுல என்ன வரும்னு நம்ம கையில இல்ல. திண்ணைய விட்டு இறங்கிட்டா அவ்வளவுதான். அதனால திண்ணையில வச்சே கேட்டுரணும். அன்னிக்கு என் சேக்காளிகிட்ட அதைத்தான் கேட்டேன். அவன் நல்லவன்தான். அவன் கையில இருந்து அது அடுத்தாப்ல யாரு கைக்குப் போகும்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத அவங்கிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா இந்தக் கதையச் சொல்லணும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "நீ முடியாதுன்னு சொல்லணும்னு நான் சொல்லல. அந்த ஆளு வரட்டும். மூணு கேள்விய மட்டும் கேளு."

சாயங்காலம் கார் வந்தது. தம்பி வாசலிலேயே நின்று கேட்டான். "சார், இது யாருது? எதுக்கு? பேப்பர் இருக்கா?"

மூன்றாவது கேள்விக்கே போகவில்லை. அந்த ஆள் ரைஃபிளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, "ஒனக்கெல்லாம் பொழைக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்குக் கை நடுங்கியது. இரண்டு நிமிஷம் கழித்து, "லோனு?" என்று என்னைப் பார்த்தான். நானும் அவனும் கணக்குப் போட்டு ஒரு வழி பண்ணினோம். அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம். எனக்கு இன்னும் முடியவில்லை.

வைகாசியில் ஒரு பெண் பிள்ளை வந்தாள். பத்தாம் வகுப்பு எழுதி முடித்தவள். கையில் ஒரு பழைய ஏர் ரைஃபிள், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பள்ளிக்கூடத்துப் போட்டிக்காகப் பழகுகிறாளாம். கட்டை நீளம், தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. கன்னம் பதியவில்லை. கூட ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழம்.

தம்பி கேள்வியை ஆரம்பித்தான். "யாருது?"

"என்னுதுதான். அப்பா வாங்கிக் குடுத்தாங்க. இந்தாங்க பில்லு, இது ஸ்கூல்ல குடுத்த லெட்டர்." மூன்று கேள்விக்கும் ஒரேயடியாகப் பதில் வந்துவிட்டது.

"யாரும்மா சொல்லி அனுப்புனது?"

"தாத்தா. துப்பாக்கி வேலைன்னா இந்த வீட்டுக்குத்தான் போகணும், கேள்வி கேப்பாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போன்னாங்க. கூடாத வேலைய இந்த வீட்ல செய்ய மாட்டாங்களாம்."

தாத்தா யார் என்று சித்தப்பா கேட்கவில்லை. மாம்பழத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டரை ஏக்கரில் கடலையை விட்டுவிட்டு மா வைத்தது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. முப்பத்து நாலு வருஷமாகப் பேசவில்லையே தவிர, விசாரிக்காமல் இருந்ததில்லை.

"பன்னி இன்னும் வருதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"வருது தாத்தா. மக்காச்சோளம் போட முடியல."

அதுவும் நிஜம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறை ஆட்களே சுடலாம் என்று அறிவித்தது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக் கூடாது. அவர்கள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதைதான். சித்தப்பா சரியாகத்தான் நடந்துகொண்டார் என்பதால் சேக்காளியின் நஷ்டம் பொய்யாகிவிடாது. இரண்டும் நிஜம். அதனால்தான் அந்த நட்பு முறிந்தது இத்தனை வலித்திருக்கிறது.

கட்டை வேலை என்பது தச்சு வேலைதான். தம்பி பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் வரை டேப் வைத்து அளந்து, கட்டையின் பின்பக்கத்தில் ஒன்றரை அங்குலம் குறைத்தான். கன்னம் பதிய, பூவரச மரத்தில் ஒரு மேடு செதுக்கி ஒட்டினான். சித்தப்பா ஈஸி சேரை விட்டு எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உப்புத்தாளில் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும் போதும் என்றாலும் விடவில்லை. கூலி வாங்கவில்லை. "கூலி மாம்பழத்துலயே வந்துருச்சு" என்றார்.

இந்த ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேர் பார்க்க ரத வீதியில் ஓரமாக சித்தப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். கூட்டத்துக்கு நடுவே வேட்டியை மடித்துக்கட்டிய ஒரு பெரியவர், அந்தப் பெண் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சித்தப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வந்தவர் நாற்காலிக் கைப்பிடியில் கையை வைத்து, "உக்காருடா மாப்ள" என்றார்.

பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பலூன் கடை இருந்தது. பிள்ளை போய்ப் பத்து ரவை வாங்கிப் பத்துப் பலூனையும் உடைத்தாள். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு கிழவர்களும் சத்தமாகச் சிரித்தார்கள்.